எதை விற்கலாம்?

என் அக்கா மகள் வணிக நிர்வாகத்தை முதன்மைப் பாடமாகவும் டிஜிட்டல் கலையைத் துணைப் பாடமாகவும் எடுக்கப் போகிறாள். பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வெளியிட்ட கட்டமைப்பில் மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட். அதில் முதன்மைப் பாடத்துக்கு 60, துணைப் பாடத்துக்கு 24. மீதியை மொழி, திறன், பயிற்சி என்று நிரப்ப வேண்டும். ஆடிட்டர் என்பதால் பாடப் பட்டியல் போடும் வேலை என் தலையில் விழுந்தது. கூட்டல் சுலபம். அவள் கேட்ட கேள்விதான் சுலபமில்லை: “காலையில மார்க்கெட்டிங், மத்தியானம் அனிமேஷன். விலை போட்டுக்கிட்டே வரைஞ்சா அது கலையா மாமா?”

காசு பட்டால் கலைக்குத் தீட்டு என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு அப்படி நினைக்கவில்லை. ராஜராஜன் அங்கே கோயிலில் ஆடும் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தி ஆளுக்கொரு வீடும் ஒரு பங்கும் கொடுத்தான். ஒரு பங்கு, ஆண்டுக்கு 100 கலம் நெல். அதே கல்வெட்டில் நட்டுவம் செய்தவர்களுக்கும் பங்கு உண்டு, கணக்கு எழுதியவர்களுக்கும் உண்டு. அந்த ஏற்பாடு பின்னாளில் என்ன ஆயிற்று என்பது தனிக் கதை. ஆடுகிறவருக்கும் சோறு வேண்டும் என்று எழுதி வைப்பதில் அந்தக் கல்லுக்குக் கூச்சமில்லை.

பலனில் பற்று வைக்காதே என்கிறது கீதை. கல்யாண வீடியோ எடிட் செய்த பையனிடம் பேசிய தொகையைக் குறைக்கிறவரும் இதையே சொல்கிறார். வேலை செய்கிறவர் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டியது அது. கூலி தர வேண்டியவர் சொன்னால் அது தத்துவமல்ல, பாக்கி.

அப்படியானால் எல்லாமே விற்பனைக்குத்தானா? 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இல்லை என்கிறது. உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும், ‘இது நான் செய்தது’ என்று சொல்லவும், தன் பெயர் கெடும்படி படைப்பைச் சிதைத்தால் தடுக்கவும் படைத்தவருக்கு 57-ஆம் பிரிவு இடம் தருகிறது. டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் செகல் செய்த வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979-இல் பெயர்த்துக் கிடங்கில் போட்டார்கள். பணம் கொடுத்து வாங்கியது அரசு. ஆனாலும் மிஞ்சியதைச் சிற்பியிடமே ஒப்படைத்து 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் தரும்படி 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொருள் கைமாறலாம், செய்தவருக்கும் செய்ததற்கும் உள்ள உறவு கைமாறாது.

இதை வைத்துத்தான் பட்டியல் போட்டேன். முதல் ஆண்டில் ஓவிய அடிப்படையும் கணக்கியலும். இரண்டாம் ஆண்டில், பயிற்சிக்குப் போகும் முன்பே, பதிப்புரிமையும் ஒப்பந்தச் சட்டமும். ஏனென்றால் வேலையிலோ தொழிற்பயிற்சியிலோ இருந்து செய்ததற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நிறுவனமே முதல் உரிமையாளர். மூன்றாம் ஆண்டில் ஒரு குறும்படம்: வரைவதும் அவளே, பட்ஜெட் போட்டு விலை சொல்வதும் அவளே.

இந்தப் படிப்பில் பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோர் எந்த மென்பொருள் கற்றுத் தருகிறார்கள் என்று மட்டும் விசாரிக்காதீர்கள். கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தைப் படிக்கக் கற்றுத்தரும் தாள் ஒன்றாவது இருக்கிறதா என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள்.