சாட்சிக்குக் கூலி

1980 அக்டோபரில் நியூயார்க்கில் ஒருவருக்கு மருத்துவத் தொழில் உரிமம் கிடைத்தது. இரண்டே மாதத்தில் அவர் விவாகரத்து வழக்குப் போட்டார். கல்யாணமான புதிதில் கணவன் மனைவி இருவரும் ஒரே பள்ளியில் ஆசிரியர்கள். கணவருக்கு டாக்டராக வேண்டும் என்று ஆசை. அதற்காக 1973-ல் இருவரும் மெக்சிகோவின் குவாதலஹாரா நகருக்குக் குடிபோனார்கள். கணவர் படித்தார். மனைவி கிடைத்த இடத்திலெல்லாம் பாடம் சொல்லிக்கொடுத்து, சம்பாதித்ததையெல்லாம் குடும்பச் செலவுக்கே போட்டார். பிரிகிற நேரத்தில் பங்கு பிரிக்கும்படியாக இருந்தது அந்த உரிமம் ஒன்றுதான்.

உரிமத்துக்கு எப்படி விலை போடுவது? மனைவி தரப்பில் ஒரு நிபுணர் சாட்சி சொல்ல வந்தார். சாதாரணப் பட்டதாரி என்ன சம்பாதிப்பார், அறுவை மருத்துவர் என்ன சம்பாதிப்பார் என்று 1985 முதல் 2012 வரை கணக்குப் போட்டார். வரியைக் கழித்தார், விலைவாசி ஏற்றத்தைச் சேர்த்தார், மொத்தத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தார். 4,72,000 டாலர். கணவர் தரப்பில் நிபுணர் யாருமே வரவில்லை. அந்தத் தொகையில் 40 சதவீதம், அதாவது 1,88,800 டாலர், மனைவிக்குச் சேர வேண்டும் என்றது விசாரணை நீதிமன்றம். கூடவே மனைவியின் வக்கீலுக்கு 7,000 டாலரும் நிபுணருக்கு 1,000 டாலரும் கணவரே கொடுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. உரிமம் தாம்பத்தியச் சொத்துதான் என்பதை 1985 டிசம்பரில் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதிசெய்தது. அமெரிக்கச் சட்ட மாணவர்கள் ஓ'பிரையன் வழக்கு என்று படிப்பது இதைத்தான்.

அந்த ஆயிரம் டாலர் எதற்கு விலை? உண்மைக்கா?

தெருவில் விபத்தைப் பார்த்தவர், காசு கொடுத்தால்தான் பார்த்ததைச் சொல்வேன் என்றால் அவர் பேச்சை ஒருவரும் நம்பமாட்டார்கள். சாட்சியத்துக்கு விலை கொடுப்பதைச் சட்டமும் குற்றம் என்கிறது. கணக்குத் தெரிந்தவருக்கு மட்டும் அந்த விதி ஏன் தளர்கிறது? மதங்கள் இதைப் பற்றி வெகுகாலம் யோசித்திருக்கின்றன. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதர்களின் சட்டத் தொகுப்பான மிஷ்னா, கூலி வாங்கித் தீர்ப்புச் சொன்னால் தீர்ப்பு செல்லாது, கூலி வாங்கிச் சாட்சி சொன்னால் சாட்சியம் செல்லாது என்று கறாராக விதிக்கிறது. ஆனால் அந்த இடத்திலேயே ஒரு விலக்கும் உண்டு. சாட்சிக்கு வந்ததால் ஒருவருக்கு வேலை கெட்டால், வேலையின்றி நின்ற தொழிலாளிக்குரிய கூலியை அவருக்குக் கொடுக்கலாம். சொல்லுக்குக் காசு கூடாது, இழந்த பொழுதுக்குக் கொடுக்கலாம் என்பது அதன் தர்க்கம்.

இதை வைத்து, மிஷ்னாவுக்கு விளக்கமாக எழுந்த பாபிலோனியத் தல்மூத் ஒரு நீதிபதியைப் பற்றிப் பேசுகிறது. அவர் பெயர் கர்னா. திராட்சை மதுக் கிடங்குகளுக்குப் போய் முகர்ந்து பார்த்து மதுவின் தரம் சொல்வது அவர் பிழைப்பு. இன்றைய பேச்சில் சொன்னால் அவரே ஒரு நிபுணர்தான். வழக்கு வந்தால் ஜெயிக்கிறவரிடம் ஒரு காசு, தோற்கிறவரிடம் அதே அளவு ஒரு காசு வாங்கிக்கொண்டு தீர்ப்புச் சொல்வார். இது தகுமா என்று ரபிகள் விவாதித்தார்கள். அவர் இழந்த வேலை எல்லோர் கண்ணுக்கும் தெரிவது, அதனால் தகும் என்று முடித்தார்கள். வாங்கிய காசு இரு தரப்பிலிருந்தும் சமமாக வந்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

கிறிஸ்தவ மரபிலும் இதே முடிச்சு உண்டு. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புனித அகுஸ்தீன் ஒரு கடிதத்தில், வக்கீல் தன் வாதத்தை விற்கலாம், ஆனால் நீதிபதி நீதியையும் சாட்சி உண்மையையும் விற்கக் கூடாது என்று எழுதினார். 13-ம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் அதை எடுத்துக்கொண்டு இன்னும் நுணுக்கமாகப் பிரித்தார். சாட்சி வாங்குவது சாட்சியத்தின் விலையாக இருக்கக் கூடாது, உழைப்புக்கான படியாக இருக்கலாம். அதை இரு தரப்பும் கொடுக்கலாம், அழைத்த தரப்பும் கொடுக்கலாம் என்றார். இன்றைய சட்டம் நிற்பது ஏறக்குறைய இதே இடத்தில்தான். மணிக்கணக்கில் கட்டணம் வாங்கலாம், வழக்கு ஜெயித்தால் இவ்வளவு என்று பேரம் பேசக் கூடாது என்பது அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களின் வக்கீல் தொழில் விதி.

அழைத்த தரப்பும் கொடுக்கலாம் என்று அக்குவினாஸ் விட்ட அந்த இடைவெளியில்தான் பிரச்சினை நுழைகிறது. நிபுணர்களைக் கூலிக்கு மாரடிப்பவர்கள் என்று திட்டுவது பலருக்கு வழக்கம். அது அநியாயம். பெரும்பாலானோர் பொய் சொல்வதில்லை, சொல்லத் தேவையும் இல்லை. வட்டி விகிதத்தை ஒரு புள்ளி ஏற்றிப் போட்டால் மதிப்பு சரியும், இறக்கிப் போட்டால் ஏறும். இரண்டுக்கும் ஆதாரம் காட்டலாம். பணம் உள்ளவர் மூன்று நிபுணர்களிடம் கருத்துக் கேட்டு, தனக்குச் சாதகமான ஒருவரை மட்டும் கூண்டில் ஏற்றுகிறார். மற்ற இருவர் சொன்னது நீதிபதியின் காதுக்கு வருவதே இல்லை. மூவரும் நேர்மையானவர்கள், ஆனாலும் நீதிமன்றத்துக்கு எட்டியது முழு உண்மை அல்ல.

விவாகரத்தில் இவர்களிடம் கேட்கப்படும் கேள்விகளும் சாதாரணமானவை அல்ல. 2014-ல் ஓக்லஹோமாவில் எண்ணெய் அதிபர் ஹரால்ட் ஹாமின் விவாகரத்து வழக்கு நடந்தது. அவருடைய கம்பெனிப் பங்குகள் கல்யாணத்துக்கு முன்பே அவருடையவை. கல்யாணத்துக்குப் பின் அவை பெருகியது அவர் உழைப்பால் என்றால் மனைவிக்குப் பங்கு உண்டு, எண்ணெய் விலை ஏறியதால் என்றால் இல்லை. ஒரு மனிதனின் செல்வம் முயற்சியா, ஊழா என்ற பழைய கேள்விக்கு இரண்டு பக்கமும் சம்பளம் வாங்கிய நிபுணர்கள் பதில் சொன்னார்கள். தீர்ப்பில் மனைவிக்குக் கிடைத்தது ஏறக்குறைய 100 கோடி டாலர். அங்கே இரு தரப்பிலும் பணம் இருந்தது. ஒரு தரப்பில் மட்டும் இருக்கும் வீடுகள்தான் அதிகம்.

அப்படிப்பட்ட வீட்டில் கணவர் தன் கணக்கிலிருந்து நிபுணருக்குக் காசு கொடுக்கிறார் என்றால், அது உண்மையில் யாருடைய காசு? இருபது வருடம் இருவரும் சேர்ந்து ஓட்டிய குடும்பத்தின் சேமிப்பு அது. தனக்கு எதிராகப் பேசப்போகும் சாட்சியின் கட்டணத்தில் பாதியை மனைவியே கொடுக்கிறார். தன் பக்கம் பேச ஆள் வைக்க மட்டும் வழியில்லை. வேறு வழக்குகளில் இப்படி நேர்வது அரிது. எனவே விவாகரத்தில் நிபுணர் கட்டணத்தைப் பங்கு பிரிப்பதற்கு முன்பே பொதுச் சொத்திலிருந்து எடுப்பதுதான் நியாயம். நியூயார்க் 2010-ல் தன் சட்டத்தைத் திருத்தி, வசதி குறைந்த துணைக்கு வக்கீல் செலவை மற்றவர் கொடுக்க வேண்டும் என்பதையே தொடக்க நிலையாக வைத்தது. நிபுணர் கட்டணத்துக்கும் அதே பிரிவில் இடம் தந்தது.

இங்கிலாந்து கர்னாவின் வழிக்கே போயிருக்கிறது. 2011-ல் அமலுக்கு வந்த குடும்ப வழக்கு விதிகளின்படி, பணம் தருபவரைவிட நீதிமன்றத்துக்கே நிபுணர் முதலில் கடமைப்பட்டவர். கூடுமானவரை இரு தரப்புக்கும் பொதுவாக ஒரே நிபுணர். கட்டணத்துக்கு இருவரும் பொறுப்பு. நல்ல ஏற்பாடுதான், ஆனால் ஒரே குரல் என்பதிலும் ஆபத்து உண்டு. நியூயார்க்கில் எதிர் நிபுணர் இல்லாமல் நின்ற அந்த 4,72,000 டாலர் மாதிரியான கணக்கையே சட்டமன்றம் பின்னாளில் கைவிட்டது. உரிமத்தால் கூடும் சம்பாத்தியத் திறனைச் சொத்தாக மதிப்பிடுவது 2016 முதல் அங்கே இல்லை. இங்கிலாந்தில் பொது நிபுணரிடம் இரு தரப்பும் எழுத்தில் கேள்வி கேட்கலாம். ஆனால் சரியான கேள்வியை எழுதவும் கணக்குத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் வேண்டும். 2013 முதல் அந்த நாட்டில் பெரும்பாலான விவாகரத்துச் சொத்து வழக்குகளுக்கு அரசின் சட்ட உதவி கிடையாது. கையில் காசில்லாதவருக்குப் பாதிக் கட்டணமும் எட்டாத தொகைதான். அதனால் வழக்குச் செலவுக்கான உத்தரவு தீர்ப்போடு வந்தால் போதாது, நிபுணரை நியமிக்கும் அன்றே வர வேண்டும்.