நோயாளியின் ‘வேண்டாம்’

என் உம்மா இடுப்பெலும்பு முறிந்து நான்கு மாதம் படுக்கையில் கிடந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்த சில நாளில் தண்ணீர் குடிக்க மறுக்கத் தொடங்கினார்கள். குவளையை உதட்டருகே கொண்டு போனால் முகத்தைத் திருப்பிக் கொள்வார்கள். “வேண்டாம்” என்பார்கள். மறுபடியும் நீட்டினால் கண்ணை மூடிக் கொள்வார்கள்.

நோயாளிகளுக்கே உரிய பிடிவாதம் என்று நாங்கள் முடிவு கட்டினோம். ஒரு கையால் தலையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கரண்டியில் தண்ணீரை எடுத்து அவர்கள் வாயில் ஊற்றினேன். அவர்கள் இருமினார்கள். கண்களில் நீர் திரண்டது. பெற்றவளுக்குப் பணிவிடை செய்யும் பிள்ளை என்ற திருப்தியில் நான் இருந்தேன்.

புண்ணுக்குக் கட்டு மாற்ற ஒரு நர்ஸ் வருவார். அன்று அவர் வந்தபோது இதைக் கண்டார். “கரண்டியைக் கீழே வையுங்க சார். படுத்திருக்கிறவங்க வாயில இப்படி ஊத்தினா மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். நுரையீரல்ல சளி கட்டிக் காய்ச்சல் வந்துடும்” என்றார். பிறகு என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு உம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். கால்மணி நேரம் கழித்து வந்து சொன்னார்:

“பாட்டிம்மா எங்கிட்ட ஒரு விஷயம் சொன்னாங்க. உங்ககிட்ட சொல்லலாமான்னு அவங்களையே கேட்டேன். சரின்னாங்க. தண்ணி குடிச்சா ஒண்ணுக்குப் போகணும். பெட்பேன் வைக்க நீங்க வர்றீங்க. மகன் முன்னாடி துணி விலகுதேன்னு கூசிப் போய்த்தான் குடிக்காம இருக்காங்க.”

ஐம்பது வருடம் என்னை அறிந்த தாய் என்னிடம் சொல்ல முடியாததை, ஐந்து நாள் அறிந்த ஒரு பெண்ணிடம் சொன்னார்கள். காரணம் எளிது. அந்தப் பெண் கேட்டார். நான் கேட்கவில்லை.

அன்று முதல் என் மனத்தில் ஒரு கேள்வி தங்கிவிட்டது. ஒருவர் மீது நமக்குள்ள அன்பு, அவர் உடல் மீது நமக்கு அதிகாரம் தருமா? அவர் நன்மைக்காகவே அவர் சொல்லை மீறலாமா?

நபியவர்களின் வீட்டில் நடந்தது

இதே கேள்வி நம் பெருமானார் (ஸல்) அவர்களின் இறுதி நோயின்போதே எழுந்திருக்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இடம் பெற்றுள்ளது. நாயகம் (ஸல்) அவர்கள் நோயின் கடுமையில் இருந்தபோது, வீட்டிலிருந்தவர்கள் அவர்களின் வாயின் ஒரு பக்கமாக மருந்தை ஊற்றினார்கள். ஊற்ற வேண்டாம் என்று அவர்கள் சைகை செய்தார்கள். நோயாளிக்கு மருந்தின் மீது இயல்பாகவே உண்டாகும் வெறுப்பு இது என்று எண்ணி, இருந்தவர்கள் ஊற்றிவிட்டார்கள். தெளிவு வந்ததும், நான் தடுக்கவில்லையா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். வீட்டிலிருந்த அனைவருக்கும் அதே போல மருந்து ஊட்டப்பட வேண்டும் என்றும் பணித்தார்கள். அப்போது அங்கே இல்லாத அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு மட்டும் விலக்களித்தார்கள்.

அந்த மருந்து அவர்களின் நோய்க்குப் பொருந்தாதது என்பதை விரிவுரையாளர்கள் ஒரு காரணமாகக் கூறுவர். அப்படியே இருக்கட்டும். ஆனால் ஊற்றியவர்கள் யார்? உலகில் அவர்களை உயிரினும் மேலாக நேசித்தவர்கள். அந்த நேசத்தில் குறை சொல்ல எவருக்குத் துணிவு வரும்? அத்தகைய நேசம் கூட, ‘வேண்டாம்’ என்ற சைகையை மீறுவதற்குப் போதிய காரணமாகவில்லை. அப்படியானால் என் கரண்டி எம்மாத்திரம்?

அங்கே நிகழ்ந்த தவறையும் கவனியுங்கள். சைகையை அவர்கள் பார்க்காமலில்லை. அதற்குத் தாங்களே ஒரு பொருள் கற்பித்துக் கொண்டார்கள். அது சரியான பொருள்தானா என்று கேட்டறியவில்லை. 

ஏறத்தாழ 1,330 ஆண்டுகளுக்குப் பின், 1961-இல், ஐடா ஜீன் ஆர்லாண்டோ என்ற அமெரிக்கச் செவிலியர் ஆசிரியை ஒரு நூல் எழுதினார். நோயாளியின் செய்கையைக் கண்டவுடன் செவிலியின் மனத்தில் ஓர் எண்ணம் தோன்றுகிறது. அந்த எண்ணம் சரியா என்று நோயாளியிடமே கேட்டு உறுதி செய்த பிறகே அவள் செயல்பட வேண்டும். இதுவே அந்நூலின் சாரம். இன்று உலகெங்கும் செவிலியர் கல்லூரிகளில் கற்பிக்கப்படும் பராமரிப்பு முறைக்கு அது ஓர் அடிக்கல்லாயிற்று.

குறை எது என்று அறிந்தவர் யார்?

நர்ஸுகள் நோயாளிக்கென்று ஒரு பராமரிப்புத் திட்டம் எழுதுவார்கள். முதலில் நிலையை ஆராய்வது, குறை இன்னதென்று கண்டறிவது, செய்ய வேண்டியதைத் திட்டமிடுவது, அதைச் செய்வது, பலன் கிடைத்ததா என்று திரும்பிப் பார்ப்பது. இவை அதன் படிகள். எங்கள் வீட்டில் அந்த நர்ஸ் ஒரு நோட்டில் எழுதியது இவ்வளவே: குறை, தண்ணீர் குடிப்பது போதவில்லை. காரணம், மகன் முன்னிலையில் கூச்சம். செய்ய வேண்டியது: பெட்பேன் வைக்க மகளும் மருமகளும் மட்டுமே வரவேண்டும். கட்டிலைச் சுற்றித் திரை கட்ட வேண்டும். மேலே ஒரு போர்வை எப்போதும் இருக்க வேண்டும். தலைப்பக்கம் உயர்த்தி உட்கார வைத்தபின் குவளையை அவர்கள் கையிலேயே கொடுக்க வேண்டும். எவ்வளவு குடித்தார்கள் என்று குறிக்க வேண்டும்.

மூன்றாம் நாள் நோட்டைப் பார்த்து அவர் சிரித்தார். உம்மா தாமே கேட்டு வாங்கிக் குடிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

நாங்கள் செய்த பிழை முதற்படியிலேயே இருந்தது. ‘தண்ணீர் வேண்டாம் என்கிறார்கள்’ என்பதையே நோயாக எடுத்துக் கொண்டோம். அதன் உள்ளே இருந்த மானத்தை நாங்கள் காணவில்லை.

இங்கே இன்னொரு ஹதீஸ் நினைவுக்கு வருகிறது. வலிப்பு நோயுள்ள ஒரு கறுத்த பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தமக்காக துஆச் செய்யுமாறு வேண்டினார். பொறுமையாயிருந்தால் சுவனம் உண்டு, விரும்பினால் குணமடைய துஆச் செய்கிறேன் என்று இரண்டையும் அவர் முன் வைத்தார்கள் நாயகம். பொறுமையையே அப்பெண்மணி தேர்ந்தெடுத்தார். ஆனால் ஒன்று கேட்டார்: வலிப்பு வரும்போது என் ஆடை விலகிவிடுகிறது, அது விலகாதிருக்க துஆச் செய்யுங்கள் என்றார். அவ்வாறே துஆச் செய்தார்கள்.

எத்துணை நுட்பமான செய்தி! வலிப்பைப் பொறுத்துக் கொள்ள அந்த அம்மையார் ஆயத்தமாயிருந்தார். உடல் வெளிப்படுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற எவரும் இதை ஊகித்திருக்க முடியாது. தேர்ந்தெடுக்கும் உரிமை அவரிடம் கொடுக்கப்பட்டதால்தான் அவர் மனத்திலிருந்தது வெளியே வந்தது. குணம் தேடும் வழியை மறுக்கவும் அவருக்கு இடமளிக்கப்பட்டது.

மருந்து செய்து கொள்ளுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியதும் உண்மை. ஆயினும் இமாம்களில் பெரும்பாலோர் பொதுவாக மருத்துவம் செய்து கொள்வதை வாஜிபாக்கவில்லை. மருந்துண்பது சிறந்தது என்பது வேறு, பிடித்து ஊற்றலாம் என்பது வேறு.

எல்லை எதற்கு?

‘இந்த நர்ஸ் ரொம்ப எட்ட நிற்கிறார், சொந்தம் போலப் பழகவில்லை’ என்று எங்கள் வீட்டில் சிலர் குறைப்பட்டார்கள். நான்கு மாதம் முடிந்தபோது பேசிய சம்பளத்தோடு ஒரு பட்டுச் சேலையும் கொஞ்சம் பணமும் வைத்து நீட்டினேன். சம்பளத்தை மட்டும் எடுத்துக் கொண்டார். “இதை வாங்கினா, குடுக்க முடியாத வீட்டுல எங்கையி இப்படி வேலை செய்யுமா சார்?” என்றார்.

ஸகாத் வசூலிக்கச் சென்று திரும்பிய ஒருவர், இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்து வைத்தபோது, தாய் தந்தையர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்தது நமக்குத் தெரியும். பொறுப்பில் இருப்பவர் கைக்கு வரும் பரிசில் ஓர் ஆபத்து இருக்கிறது. கொடுத்தவருக்கு ஒரு பார்வையும் கொடாதவருக்கு வேறு பார்வையும் வந்துவிடும். பிறகு, கொடுக்க இயலாத நோயாளி, ‘வேண்டாம்’ என்று சொல்லவும் அஞ்சுவார்.

உம்மாவின் இரகசியத்தை என்னிடம் சொல்லுமுன் அவர் அனுமதி கேட்டதும் இதே எல்லைதான். ஒருவர் ஒன்றைச் சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் திரும்பிப் பார்த்தாலே அச்சொல் அமானிதம் என்பது நபிமொழி. படுக்கையில் கிடப்பவருக்குத் திரும்பிப் பார்க்கவும் இயலாது. அவர் சொல் எவ்வளவு பெரிய அமானிதம்! படுத்திருப்பவர் பலவீனர், நிற்பவர் பலசாலி. பலசாலியின் கையைக் கட்டுவதற்கே எல்லை.

சட்டமும் இதையே சொல்கிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 2008-இல் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. பரிசோதனைக்குச் சம்மதித்த ஒரு பெண் மயக்க மருந்தில் இருக்கையில், வெளியே காத்திருந்த தாயாரிடம் சம்மதம் வாங்கி, அவருடைய கருப்பையையும் சூலகங்களையும் அகற்றிவிட்டார்கள். வயது வந்த, சுயபுத்தியுள்ள பெண்ணுக்காக, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, பெற்ற தாய் கூடச் சம்மதம் தர முடியாது என்று நீதிமன்றம் கூறியது. சுயபுத்தியுள்ளவர் சிகிச்சையை மறுக்கலாம் என்பதை 2018-இல் அரசியல் சாசன அமர்வும் உறுதி செய்தது. அதே வேளை, சம்மதம் தெரிவிக்க முடியாத நிலையில் இருப்பவரை, பாதுகாவலரைத் தேட நேரமில்லாத அவசரத்தில், நல்லெண்ணத்தோடு காப்பாற்ற முனைவதைச் சட்டம் குற்றமாக்கவில்லை. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவில் இருந்த இவ்விதி, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-ஆம் பிரிவில் இருக்கிறது.

‘அப்படியே விட்டுவிடுவதா?’

இதை வாசிக்கும் சகோதரிகள் கேட்கலாம்: வேண்டாம் என்றால் விட்டுவிடுவதா? தாகத்தால் சாகட்டும் என்று பார்த்திருப்பதா?

இல்லை. குழந்தையின் மறுப்பும், காய்ச்சல் வேகத்தில் பிதற்றுபவரின் மறுப்பும், தெளிந்த அறிவுள்ளவரின் மறுப்பும் ஒன்றல்ல. முதல் இருவருக்காகவும் பொறுப்பானவர்கள் முடிவு செய்யத்தான் வேண்டும். தெளிந்தவர் மறுத்தாலும் நம் கடமை முடிவதில்லை. அங்கேதான் தொடங்குகிறது. ஏன் வேண்டாம் என்று கேட்க வேண்டும். குடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று பயமுறுத்தாமல் சொல்ல வேண்டும். வேறு வழி இருந்தால் காட்ட வேண்டும். நாளை மறுபடி கேட்க வேண்டும். கரண்டியை வாயில் திணிப்பது இவற்றையெல்லாம் விடச் சுலபம். அதனால்தான் நாம் அதைச் செய்கிறோம்.

எல்லாம் செய்தும், உம்மா குடிக்க மறுத்தே இருந்தால்? இக்கேள்வி என்னை உறங்கவிடாத இரவுகள் உண்டு. பக்கத்தில் அமர்ந்து உதட்டை நனைத்து, கையைப் பிடித்துக் கொண்டு, திரும்பத் திரும்பக் கேட்டிருப்பேன். தலையைப் பிடித்து ஊற்றியிருக்க மாட்டேன். அது எனக்கு எளிதாய் இருந்திராது. பெற்றோரை நோக்கி ‘சீ’ என்ற ஒரு சொல்லைக் கூடத் தடுத்திருக்கிறான் அல்லாஹ். அவர்கள் ‘வேண்டாம்’ என்று சொன்ன வாயைப் பலவந்தமாகத் திறப்பது அந்த ஒரு சொல்லை விடச் சிறியதா?

நம் வீடுகளில் இன்று கட்டிலோடு கிடப்போர் பலர். சம்பளத்துக்கு ஆள் வைப்போரும் பலர். அவர்களுக்கும் நமக்கும் இலேசான ஒரு பாடம் மதீனாவிலேயே இருக்கிறது. கி.பி. 627-இல் அகழ்ப் போரில் காயமுற்ற சஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள், காயமுற்றோருக்கு மருந்திட்டு வந்த ருஃபைதா (ரலி) அவர்களின் பராமரிப்பில் வைக்கப்பட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அவரைக் கடந்து செல்லும் போதெல்லாம், மாலையானால் இம்மாலை எப்படியிருக்கிறீர் என்றும், காலையானால் இக்காலை எப்படியிருக்கிறீர் என்றும் கேட்பார்கள். சஅத் (ரலி) தம் நிலையைத் தம் வாயால் சொல்வார்கள்.

வஹீ வரும் நபி, நோயாளியிடம் கேட்டுத் தெரிந்து கொண்டார்கள். கேட்காமலே தெரியும் என்று நாம் எண்ணுகிறோம்.

இன்று மாலை உங்கள் வீட்டுக் கட்டிலருகே போகும்போது, கையில் மருந்தை எடுக்குமுன் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். பதில் வரும் வரை உட்கார்ந்திருங்கள். படுத்திருப்போரின் மானத்தைக் காக்கும் தவ்ஃபீக்கை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.