விலையில் எழுதப்படாத மணித்தியாலங்கள்

கொட்டாஞ்சேனையிலுள்ள இரண்டு அறை வீட்டை விற்று, அந்தப் பணத்தில் வத்தளைக்கு அப்பால் கந்தானையிலோ ஜா-எலையிலோ பத்துப் பேர்ச் காணியுடன் ஒரு வீட்டை வாங்கலாமா என்பது கொழும்பில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எழும் பேச்சு. காணி உறுதி சுத்தமானதா, கிணற்றுத் தண்ணீர் நல்லதா, கோவில் கிட்டவா, வங்கி எவ்வளவு கடன் தரும் என்றெல்லாம் துருவித் துருவி ஆராய்வார்கள். ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போய்வரும் நேரம் மட்டும் "அது பழகிவிடும்" என்ற ஒரே சொல்லோடு ஒதுக்கப்பட்டுவிடும். வசதியைப் பற்றிய கேள்வி இதுவென்று பலர் எண்ணுகின்றனர். இதில் நீதியைப் பற்றிய கேள்வியும் அடங்கியிருக்கின்றது என்பது எமது எண்ணம்.

சிறு கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். போக ஒன்றரை மணித்தியாலம், வர ஒன்றரை மணித்தியாலம் என்று கொள்வோம். வருடத்தில் 250 வேலைநாட்களுக்கு 750 மணித்தியாலங்கள். இரவு பகலாக எண்ணினால் முப்பத்தொரு நாட்கள். அதாவது, வருடத்தில் ஒரு முழு மாதம் பஸ்ஸிலும் புகையிரதத்திலும் கழிகின்றது. இருபது வருடக் கடன் கட்டி முடியும்போது 15,000 மணித்தியாலங்கள் போயிருக்கும். வங்கிக் கடனுக்கு வட்டி எவ்வளவு என்று சதக்கணக்காய்ப் பார்ப்பவர்கள் இந்த வட்டியைப் பார்ப்பதில்லை.

அந்த மணித்தியாலங்கள் யாருடையவை? வாங்குவதென்று தீர்மானிப்பவர் பெரும்பாலும் குடும்பத் தலைவர். அவரிடம் மோட்டார் சைக்கிள் இருக்கும். அல்லது அவருடைய வேலைத்தலம் பேலியகொடையிலேயே இருக்கும். ஆனால், ஐந்து மணிக்கு முன் எழுந்து சமைத்துக் கட்டிவைத்துவிட்டு, கோட்டையில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து பம்பலப்பிட்டிக்குக் கற்பிக்கப் போகும் மனைவியின் நேரமும், பாடசாலை வானில் முதல் ஆளாக ஏற்றப்பட்டுக் கடைசி ஆளாக இறக்கப்படும் சின்னவனின் நேரமும் அந்தத் தீர்மானத்தில் செலவழிக்கப்படுகின்றன. பிறருடைய பணத்தை அவரைக் கேளாது செலவிடுவது தவறு என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. பிறருடைய நேரத்தை, அவர் நம் வீட்டவர் என்பதற்காகவே, கேளாமல் செலவிடலாமா? பிள்ளைகளுக்காகத்தானே வீடு வாங்குகிறோம் என்று பதில் வரும். அப்படியானால் அவர்களையும் ஒரு வார்த்தை கேட்டாலென்ன?

இனி, விற்பவர் பக்கம். "கொழும்புக்கு 20 நிமிடம்" என்று விளம்பரத்திற் காண்கிறோம். எந்த நேரத்தில், எந்த வாகனத்தில், கொழும்பின் எந்த மூலைக்கு என்பது எழுதப்படுவதில்லை. கட்டுநாயக்க அதிவேகப் பாதை 2013ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. ஜா-எல நுழைவாயிலிலிருந்து பேலியகொடை வரை அதில் ஓடும் நிமிடங்களை மட்டும் எண்ணி எழுதினால் அது பொய்யென்று சொல்ல முடியாது. வீட்டு வாசலிலிருந்து நுழைவாயிலுக்கு வரும் நேரமும், பேலியகொடையிலிருந்து நகருக்குள் ஊர்ந்து செல்லும் நேரமும், நாளாந்தக் கட்டணமும் அந்த இருபதுக்குள் இல்லை.

இது பழைய வழக்குத்தான். கிறிஸ்துவுக்கு முன் 44ஆம் ஆண்டில், கடமைகளைப் பற்றிய தமது நூலில், சிசெரோ ஒரு வீட்டு விற்பனையையே எடுத்து விவாதிக்கிறார். நோயும் விஷ ஜந்துக்களும் உள்ள வீடு, அது உடையவனுக்கு மட்டுமே தெரியும், சொல்லாமல் விற்கலாமா? விற்பவன் எல்லாவற்றையும் சொல்லவேண்டியதில்லை என்பது ஒரு ஞானியின் கட்சி. மறைப்பது ஏமாற்றே என்பது மற்றவருடைய கட்சி. சிசெரோ இரண்டாமவர் பக்கம் நிற்கிறார். புனித தோமஸ் அக்குவினாஸ் இன்னும் நுட்பமாய்ப் பிரித்தார். ஒற்றைக்கண் குதிரையின் குறை பார்த்தவுடன் தெரியும். விற்பவன் அதற்கேற்ப விலையைக் குறைத்தால், வாய்திறந்து சொல்லாவிட்டாலும் குற்றமில்லை. மறைந்திருந்து வாங்குபவனுக்கு நட்டமோ ஆபத்தோ தரும் குறையைச் சொல்லியே ஆகவேண்டும். நொண்டிக் குதிரையை ஓட்டக் குதிரையென்றும், இடிந்துவிழப்போகும் வீட்டை உறுதியான வீடென்றும் விற்பது அவர் தரும் உதாரணங்கள்.

நீர்கொழும்பு வீதியின் காலை நெரிசல் ஒற்றைக்கண் குதிரை. அது ஊரறிந்தது, விற்பவர் அதற்காகக் குரலெழுப்பவேண்டியதில்லை. ஆனால், மழை பெய்தால் முழங்காலளவு தண்ணீர் நிற்கும் ஒழுங்கையும், ஏழு மணிக்கு மூடினால் இரண்டு புகையிரதம் போகும்வரை திறக்காத கடவையும், அங்கே குடியிருந்தவருக்குத்தான் தெரியும். அதை அறிந்துகொண்டே ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் மட்டும் வீடு பார்க்க வரச்சொல்பவர் நொண்டிக் குதிரையை நிழலில் கட்டிவைத்திருக்கிறார் என்போம். தரகர் சொன்னார், நான் சொல்லவில்லை என்பது நல்ல சாட்டல்ல.

இவ்வளவையும் சொல்வது, தூரத்தில் வீடு வாங்குவது பிழை என்பதற்காகவன்று. கொழும்பு வடக்கில், சுவரோடு சுவர் ஒட்டிய தோட்டத்து வீடொன்றில் எட்டுப்பேர் படுத்தெழும்பும் குடும்பத்துக்குக் கந்தானையில் ஒரு மாமரமும் முற்றமும் கிடைப்பது சிறிய காரியமா? பலருக்குத் தெரிவு செய்ய இடமே இல்லை; நகரத்துக் காணியின் விலையே அவர்களை வெளியே தள்ளுகின்றது. அவர்களுக்கு உபதேசம் செய்ய நாம் வரவில்லை. புகையிரதத்தில் இருக்கை கிடைத்தவர் படிக்கலாம், ஜெபமாலை சொல்லலாம் என்பார்கள். உண்மைதான். மிதிபலகையில் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துத் தொங்குபவர் ஜெபமாலையை உருட்ட மூன்றாவது கைக்கு எங்கே போவார்?

தெரிவு செய்ய வசதியுள்ளவர்களைப் பற்றியே பேசுகிறோம். 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது, வேலைத்தலத்துக்கு நடந்தோ துவிச்சக்கரவண்டியிலோ போகக்கூடிய வீடு எவ்வளவு பெறுமதியானது என்று ஒரே மாதத்தில் எல்லோருக்கும் விளங்கியது. வரிசைகள் மறைந்ததும் அது மறந்துபோயிற்று.

ஆகவே, முற்பணம் கொடுக்குமுன், பாடசாலை நடக்கும் ஒரு திங்கட்கிழமை, விற்பவருடைய காரில் ஏறாமல், குடும்பத்தில் ஆகத் தூரம் போகவேண்டியவர் யாரோ அவரே அந்த வீட்டு வாசலில் காலை ஆறு மணிக்கு நின்று, பஸ் ஏறிப் போய்ப் பார்க்கட்டும். மாலையில் திரும்பியும் வரட்டும். அன்றிரவு சாப்பாட்டுக்குப் பின் அவர் முதலில் பேசட்டும். மற்றவர்கள் விலையைப் பற்றிப் பிறகு பேசலாம்.