மழையில் கொடுத்த கோப்பை

ஒருவனுக்குப் பரிசு கொடுத்துவிட்டால் அவனுக்கு மரியாதை செய்துவிட்டதாக ஆகுமா? ஒரு கோல்ஃப் ஆட்டக்காரரின் வாழ்க்கையைப் படித்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை.

செவ்சங்கர் செவ்கோலம் என்பது அவர் பெயர். சிவசங்கர் என்ற நம் பெயர்தான் அங்கே அப்படித் திரிந்தது. 'பாப்வா' என்று செல்லமாக அழைப்பார்கள். 1860 முதல் கரும்புத் தோட்டங்களில் கூலி வேலைக்காக நம் தென்னாற்காட்டு ஜனங்களும் போய் இறங்கினார்களே, அந்த டர்பன் நகரத்து இந்தியர் அவர். துரைமார்களின் மட்டைப் பையைச் சுமந்த பையன், பள்ளிப் படிப்பில்லாதவர். வலக்கை ஆட்டக்காரர்கள் இடக்கையை மேலே வைத்து மட்டையைப் பிடிப்பது வழக்கம். பாப்வாவோ கைகளை மாற்றிப் பிடித்தார். சொல்லிக்கொடுக்கவும் திருத்தவும் யாரும் இல்லை! அந்தப் பிடியோடுதான் 1959, 1960, 1964 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஹாலந்து நாட்டின் ஓபன் போட்டியில் வென்றார்.

1963-இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நடால் ஓபன் போட்டி. வெள்ளையர்களோடு ஆடி பாப்வா வென்றார். ஆனால் கிளப் கட்டடத்துக்குள் வெள்ளையரல்லாதவர் நுழையக் கூடாது. அப்போது மழை பெய்துகொண்டிருந்தது. வென்றவர் வெளியே நின்று நனைந்தபடி கோப்பையை வாங்கிக்கொண்டார். அந்தப் படம் உலகமெங்கும் பத்திரிகைகளில் வந்தது. 1965-இல் கேரி பிளேயரும் ஆடிய அதே போட்டியில் மறுபடி வென்றார். அதன் பிறகு அரசாங்கம் பெரிய போட்டிகளின் கதவையே அவருக்குச் சாத்திவிட்டது. 1978-இல், ஐம்பது வயது நிறையும் முன்பே காலமானார்.

"ரோஷமுள்ளவன் அந்தக் கோப்பையை விட்டெறிந்திருக்க வேண்டாமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோப்பை அவருடைய உழைப்புக்கு உரியது. அதை ஏன் விட வேண்டும்? மழையில் நிறுத்திய அவமானம் நிறுத்தியவர்களுடையது. அவர் பேசாமல் வாங்கிக்கொண்டதால்தான் அது உலகத்தின் கண்ணில் பட்டது. ஆனால் அந்தப் பொறுமையைப் புகழ்ந்து, அவமானப்படுகிற மற்றவர்களுக்கும் 'பொறுத்துக்கொள்' என்று உபதேசிக்க நமக்கு உரிமை கிடையாது.

டர்பனை ஏசுவது சுலபம். நான் இருப்பது விருத்தாசலத்தில். பீங்கானுக்குப் பேர்போன ஊர். பக்கத்து நெய்வேலியில் கிடைக்கும் களிமண் இங்கே சூளையில் வெந்து பொம்மையாகவும் கோப்பையாகவும் ஆகிறது. யார் வாய் வைக்கப் போகிறார் என்று கோப்பைக்குத் தெரியாது. நமக்குத்தான் தெரிகிறது! தமிழ்நாட்டுக் கிராமத்து டீக்கடைகளில் சிலருக்கென்று தனிக் குவளை வைத்து, வெளியே நிறுத்தி டீ ஊற்றினோம். 'இரட்டைக் குவளை' என்று அதற்குப் பெயரும் இருக்கிறது. அவர்கள் அறுத்த நெல் உள்ளே வரலாம், அவர்கள் வரக் கூடாது என்பதும், பாப்வாவின் ஆட்டம் வேண்டும், ஆள் வேண்டாம் என்பதும் ஒரே நியாயம்தானே?

டர்பனில் இன்று ஒரு கோல்ஃப் மைதானம் பாப்வாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நல்லதுதான். ஆனால் அவர் வென்றார் என்பதால்தான் அந்த அநியாயம் நம் காதில் விழுந்தது. அன்று தோற்றிருந்தால் நனைந்தபடியே வீட்டுக்குப் போயிருப்பார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஜெயித்தவனுக்குக் கொடுப்பது பரிசு. தோற்றவனும் கூச்சமில்லாமல் உள்ளே வந்து உட்கார முடிகிறதே, அதற்குத்தான் மரியாதை என்று பெயர்.