மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே

இன்னும் விடியவில்லை.

மின்விசிறி சுற்றுகிறது. ராத்திரி முழுக்கச் சுற்றியிருக்கும். சத்தம் இப்போதுதான் காதுக்கு வருகிறது.

கண் திறக்கவில்லை. யார் என்பதும் இன்னும் வரவில்லை.

மூச்சு இருக்கிறது.

பிறகு ஒரு கனவின் ஓரம். ஈரமான படிக்கட்டு. யாரோ முன்னால் இறங்குகிறார்கள். அதுவும் கலைகிறது.

பிறகு முதுகு. பாயின் கோரை. இடது தோளில் நேற்றைய வலி.

பிறகு பெயர். பெயரோடு கிழமை. கிழமையோடு கட்டாமல் கிடக்கும் கரண்ட் பில்.

ஒவ்வொன்றாக வந்து உட்காருகின்றன. சபை கூடிவிடுகிறது.

*

சைவ சித்தாந்த வகுப்பின் பழைய நோட்டு. நடுவில் ஒரு பக்கம்.

ஐந்து புள்ளிகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. நெற்றி. கழுத்து. நெஞ்சு. தொப்புள். அதற்கும் கீழே மூலாதாரம்.

பக்கத்தில் கருவிகளின் எண்கள். 35, 25, 3, 2, 1.

அன்று கரும்பலகையிலும் இவ்வளவுதான் இருந்தது. சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என்று வாயால் சொன்னார் ஆசிரியர். நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படங்கல் என்று தமிழிலும் சொன்னார்.

உயிர்ப்படங்கல். அந்தச் சொல் மட்டும் நோட்டில் இரண்டு தடவை இருக்கிறது. ஏன் என்று எழுதிய கைக்கு ஞாபகமில்லை.

*

சிவஞான போதத்தில் நான்காம் சூத்திரம். உயிருக்கு ஐந்து அவத்தை, அதாவது ஐந்து நிலை, என்று சொல்கிற இடம். அங்கே ஓர் அரசனும் அமைச்சர்களும் வருகிறார்கள். அரசன் உயிர். அமைச்சர்கள் அதன் கருவிகள்.

விரித்துச் சொல்லும்போது, அரசன் உலா முடிந்து திரும்புகிறான். ஒவ்வொரு வாசலிலும் சிலரை நிறுத்திவிட்டு உள்ளே போகிறான். கடைசி அறைக்குள் அவன் மட்டும்.

முதல் வாசலில் நின்றுவிடுபவர்கள் பத்துப் பேர். கண், காது, மூக்கு, நாக்கு, தோல். வாய், கை, கால், கழிக்கும் உறுப்புகள்.

கண் வரவில்லை. ஆனாலும் கனவில் படிக்கட்டு தெரிகிறது. கால் வரவில்லை. யாரோ இறங்குகிறார்கள்.

*

அடுத்த வாசல். 25 போய் 3.

இந்தக் கணக்கில் விரல் நின்றுவிடுகிறது.

ஒரே வாசலில் இருபத்திரண்டு பேர். காற்றுகளில் ஒன்பது. பேச்சும் நடையும். ஓசையும் மணமும். மனம். புத்தி. அகங்காரம்.

பிராணன், சித்தம், புருடன். மூன்று பேர் மட்டும் உள்ளே.

தினம் ராத்திரி இது நடக்கிறது. அகங்காரத்தை வாசலில் விட்டுவிட்டு வந்தோமே என்று யாரும் பதறி எழுந்து உட்காருவதில்லை. பேருந்தில் விட்ட குடைக்கு மூன்று நாள் மனசு ஆறவில்லை.

*

காலை. சமையலறை.

அரிசி அளக்கும் ஆழாக்கு. பித்தளை. விளிம்பில் ஒரு நசுங்கல். எப்போது விழுந்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஒன்று. தவலையில் அரிசி விழும் சத்தம் பெரிதாக இருக்கிறது.

இரண்டு. சத்தம் குறைகிறது. இப்போது அரிசி அரிசியின்மேல் விழுகிறது.

மூன்று.

கை நிற்கிறது. ஆழாக்கு காலியாக இருக்கிறது.

மூன்றா, நாலா.

கண் திறந்துதான் இருந்தது. கைதான் அள்ளியது. காதில் சத்தம் விழுந்தது. முப்பத்தைந்து பேரும் கொலுவில்தான் இருந்தார்கள்.

எண்ணியவர் மட்டும் எங்கோ எழுந்து போயிருக்கிறார்.

அரிசியைத் திரும்ப டப்பாவில் கொட்டுகிறது கை. ஒன்று.

*

நோட்டின் மறுபக்கம். மத்தியாலவத்தை.

விழித்திருக்கும்போதே, நெற்றியில் இருந்தபடியே, இந்த ஐந்தும் வந்து போகும் என்று எழுதியிருக்கிறது. உறங்கப் போக வேண்டியதில்லை. பாய் வேண்டாம். இருட்டும் வேண்டாம்.

வகுப்பில் இதைக் கேட்டபோது பெரிதாகப் படவில்லை. துரியம் என்ற சொல்லுக்காகவே அன்று காது காத்திருந்தது.

*

தெருவில் எதிரே ஒருவர். சிரிக்கிறார். முகம் தெரிகிறது. பெயர் இல்லை.

முதலில் வெறும் வெள்ளை. பெயர் என்று ஒன்று இருந்ததாகவே இல்லை.

பிறகு ஏதோ அசைகிறது. எழுத்து இல்லை. அசைவு மட்டும்.

பிறகு ஒரு கல்யாண வீடு. வெல்லப் பாயசம். அவர் இலை போட்டுக்கொண்டிருக்கிறார்.

பெயர் தொண்டைவரைக்கும் வந்துவிட்டது. நாம் அப்படித்தான் சொல்கிறோம். தொண்டையிலேயே நிற்கிறது என்கிறோம். கனவின் இடம் கழுத்து என்று படிக்காதவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

விரல்கள் தானாக எழுந்து நெற்றியைத் தட்டுகின்றன.

வந்துவிட்டது.

அவர் அதற்குள் தெருமுனை தாண்டிவிட்டார்.

*

மேசை இழுப்பறையில் ஒரு தாள். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டது. 48 கட்டங்கள். ஒரு மண்டலம்.

தினம் இருபது நிமிஷம் உட்காருவது. உட்கார்ந்தால் ஒரு டிக்.

முதல் ஒன்பது நாள் டிக் நேராக இருக்கிறது. பத்தாம் நாளிலிருந்து வால் நீண்டு, கொஞ்சம் பெருமையாக.

19 காலி.

20-இல் பொடி எழுத்தில் 'தூக்கம்'.

21-இல் டிக் இரண்டு. கடனை அடைத்த மாதிரி.

யார் யாருக்கு மார்க் போட்டது என்று தாளில் இல்லை. 33-க்குப் பிறகு எதுவும் இல்லை.

தாளைக் கிழிக்கவில்லை. தொடரவும் இல்லை. இழுப்பறையை மூடும்போது அது கொஞ்சம் சிக்கி, பிறகு உள்ளே போகிறது.

*

திருவெண்ணெய்நல்லூரில் நடந்ததாகச் சொல்வார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டு.

மெய்கண்டார் வயதில் சின்னவர். மாணவர்களுக்கு ஆணவத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சகலாகம பண்டிதர் வருகிறார். பெரியவர். ஆகமமெல்லாம் கற்றவர். நின்றபடியே கேட்கிறார், ஆணவத்தின் வடிவம் எப்படி இருக்கும்.

மெய்கண்டார் பதில் சொல்லவில்லை. அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்க்கிறார்.

அந்தப் பெரியவர்தான் பிறகு அருணந்தி சிவம். சிவஞான சித்தியார் எழுதியவர்.

இந்தக் கதையில் பண்டிதர் விழுந்து வணங்கியதையே எல்லோரும் சொல்கிறார்கள். நின்றதற்கும் விழுந்ததற்கும் நடுவே அவர் மூச்சு எப்படி இருந்திருக்கும். அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

*

மதியம். சாப்பாடு ஆயிற்று. மோர்.

இமை கனக்கிறது. தமோகுணம் என்று பெயர் வைத்தால் தூக்கத்துக்குக் கொஞ்சம் கௌரவம் வந்துவிடுகிறது.

அறையில் அம்மா. ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள். குறட்டை மெல்ல ஏறுகிறது, இறங்குகிறது. ஏறும்போது மூக்குத்தி அசைகிறது.

விரல்கள் விரிந்து கிடக்கின்றன. காலையெல்லாம் கீரை ஆய்ந்த விரல்கள். நகத்தின் ஓரத்தில் பச்சை இன்னும் இருக்கிறது. இப்போது அவை யாருடைய விரல்களும் இல்லை.

திடீரென்று மூச்சு நிற்கிறது.

ஒரு கணம். இரண்டு.

பார்த்துக்கொண்டிருக்கும் மூச்சும் நிற்கிறது.

பிறகு ஒரு நீண்ட இழுப்பு. குறட்டை.

*

"தூங்கினியாம்மா?"

"எங்க தூங்கினேன். சும்மா கண்ணை மூடிக்கிட்டிருந்தேன்."

மதியத் தூக்கத்தை அவள் எப்போதும் ஒத்துக்கொள்வதில்லை. ராத்திரித் தூக்கத்தை ஒத்துக்கொள்வாள். அதற்கு வேறு வாக்கியம்.

"நல்லாத் தூங்கினேன். ஒண்ணுமே தெரியல."

வேதாந்திகள் நூற்றாண்டுகளாக இந்த ஒரு வாக்கியத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். ஒன்றும் தெரியவில்லை என்றால், நன்றாகத் தூங்கியது எப்படித் தெரிந்தது. தெரியாமல் இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தது எது.

அம்மா எழுந்து கொண்டையை முடிகிறாள். ஹேர்பின்னைப் பல்லில் கடித்திருக்கிறாள்.

கேட்கத் தோன்றியது, கேட்காமல் போகிறது.

*

மாண்டூக்ய உபநிடதம். பன்னிரண்டே மந்திரங்கள். சிவஞான போதமும் பன்னிரண்டு சூத்திரம், நாற்பது அடி. இரண்டையும் ஒரே தாளில் எழுதிவிடலாம்.

ஒரே சொல் இரண்டிலும் வேறு வேறு மாதிரி நடக்கிறது.

துரியம் என்றால் நான்காவது. அவ்வளவுதான் பொருள். மாண்டூக்யத்தில் அது நனவும் இல்லை, கனவும் இல்லை, உறக்கமும் இல்லை. மூன்றையும் தாங்கி நிற்பது. ஆன்மா என்றே சொல்லிவிடுகிறது.

கரும்பலகையின் ஐந்து புள்ளிகளில் துரியம் தொப்புளுக்கு இறங்கிய பேருறக்கம். சித்தமும் வெளியே நின்றுவிட்ட இடம். அதற்கும் கீழே இருட்டு. கருவி ஒன்றுமில்லாமல் ஆணவத்தோடு தனியாகக் கிடக்கும் உயிர். கேவலம் என்று அதற்குப் பெயர்.

மேலே ஏறும் வழியிலும் துரியம் உண்டு. அதை நின்மல துரியம் என்று பிரித்துச் சொல்வார்கள். பெயர் ஒன்று. திசை வேறு.

துரியத்தில் இருந்தேன் என்று யாராவது சொல்லும்போது எந்தத் துரியம் என்று கேட்க நாக்கு துருதுருக்கிறது. அந்தத் துருதுருப்பும் நெற்றியில்தான். முப்பத்தைந்து பேரும் கூடவே.

19-ஆம் கட்டம் காலியாக இருப்பது எதனால் என்றும் இப்போது சொல்ல முடியவில்லை.

*

அ. வாய் திறக்கிறது.

உ. உதடு குவிகிறது.

ம். மூடுகிறது.

மாண்டூக்யத்தில் மூன்று ஒலிக்கும் மூன்று நிலை. நான்காவதற்கு ஒலி இல்லை.

ம் முடிகிற இடத்தைக் காது தேடுகிறது. எங்கே முடிந்தது என்று பிடிபடவில்லை. தேடுகிற காதின் சத்தம்தான் கேட்கிறது.

பக்கத்து வீட்டில் குக்கர் விசில்.

*

மாலை. புழுக்கம்.

மின்சாரம் போகிறது.

விசிறி உடனே நிற்கவில்லை. மூன்று இறக்கைகளும் ஒரே வட்டமாக இருந்தவை மெல்லப் பிரிகின்றன. மூன்றாகத் தெரிகின்றன. ஒன்றையொன்று துரத்துகின்றன. சோம்புகின்றன.

நிற்கின்றன.

இவ்வளவு நேரம் வீடு முழுக்க ஒரு சத்தம் இருந்திருக்கிறது. ஃபிரிட்ஜும் சேர்ந்து. போன பிறகு தெரிகிறது.

*

அம்மா அகல் ஏற்றி வைக்கிறாள். மெழுகுவர்த்தி இருக்கிறது. அவளுக்கு அகல்தான்.

உடம்பும் கருவிகளும் மாயை கொடுத்த கைவிளக்கு என்று சித்தாந்திகள் ஓர் உவமை சொல்வதுண்டு. இருட்டு தீரும் மட்டும் அதை வைத்துக்கொள்ள வேண்டியது.

அப்படியானால் வாசல் வாசலாக ஆட்களைக் கழற்றிக்கொண்டே கீழே இறங்குவது விளக்கை அணைப்பதா. இல்லை, முப்பத்தைந்தோடு இங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டுமா.

சுடர் சாய்கிறது. நிமிர்கிறது. ஜன்னல் மூடித்தான் இருக்கிறது.

கேள்வி கொஞ்ச நேரம் கூட இருக்கிறது. பிறகு எப்போது போனது என்று தெரியவில்லை.

*

உட்கார்ந்திருக்கிறது உடம்பு. எத்தனை நிமிஷம் என்று பார்க்கவில்லை.

முழங்காலில் ஒரு குத்தல். அது வலி என்று ஆவதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி.

கொசு. காதருகே வந்து, விலகி, எங்கோ உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்த இடம் தெரியவில்லை. உடம்பு முழுக்கக் காத்திருக்கிறது.

இப்போது நன்றாக உட்கார்ந்திருக்கிறோம் என்று ஒரு நினைப்பு. டிக் மாதிரி. வால் நீண்டது.

அதுவும் வந்து உட்காருகிறது. இடம் இருக்கிறது.

*

ராத்திரி எப்போதோ மின்சாரம் வந்திருக்கிறது.

மூச்சு.

படிக்கட்டு இல்லை. எதுவும் இல்லை.

விசிறியின் சத்தம். தோள். பெயர் வருவதற்குள் ஒரு காகம்.

*

அகல் இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. ஜன்னலில் வெளிச்சம். சுடர் இருக்கிற இடம் காற்றின் நடுக்கமாகத்தான் தெரிகிறது.

அம்மா எழுந்துவிட்டாள். கொல்லையில் தண்ணீர்ச் சத்தம்.

அரிசி டப்பா திறக்கும்போது உமி வாசனை.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

ஆழாக்கின் நசுங்கலில் ஓர் அரிசி சிக்கி நிற்கிறது.