மதிப்பெண்ணுக்கு அப்பால்

பொறியியல் பயிலும் மாணவரிடம் நாம் எதிர்பார்ப்பது யாது? கொடுத்த கணக்கிற்குச் சரியான விடை காண்பதே என்று நெடுங்காலமாக எண்ணி வந்துள்ளோம். ஆனால், கணக்கே தவறாகக் கொடுக்கப்பட்டிருந்தால்? அதனைக் கண்டறியும் பொறுப்பு யாரைச் சாரும்? இது தொழில்நுட்பக் கேள்வி மட்டுமன்று. அறம் சார்ந்த கேள்வியுமாகும்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், ஏழை மக்களுக்கான பொருள்களை மிகக் குறைந்த செலவில் வடிவமைக்கக் கற்பிக்கும் பாடமொன்று உண்டு. பொறியியல், மேலாண்மை எனப் பல துறையினரும் ஒரே குழுவாகக் கூடித் தம் கைகளாலேயே மாதிரிகளைச் செய்து பார்க்கின்றனர். 2007ஆம் ஆண்டில் ஒரு குழுவிற்குத் தரப்பட்ட பணி, குறைமாதக் குழந்தைகளுக்கான இன்குபேட்டரை மலிவாக உருவாக்குவது. வழக்கமான கருவியின் விலை ஏறத்தாழ 20,000 டாலர். அதன் பாகங்களைக் குறைத்து விலையையும் குறைக்கலாம் என்பதே எவருக்கும் முதலில் தோன்றும் வழி.

குழுவில் ஒருவர் நேபாளம் சென்றார். நகர மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் வெறுமையாய்க் கிடந்தன. குழந்தைகளோ மருத்துவமனையை எட்டவியலாத கிராமங்களில் மடிந்துகொண்டிருந்தன. ஆக, தேவைப்பட்டது மலிவான இன்குபேட்டர் அன்று. இடைவிடாத மின்சாரமின்றி, தாயின் அருகிலேயே சேய்க்குச் சூடு தரும் ஒன்று. இவ்வாறு பிறந்ததே 'எம்பிரேஸ்' என்னும் உறைப்பை. அதனுள் வைக்கப்படும் மெழுகு போன்ற பொருளைச் சூடாக்கி உருக்கினால், அது மெல்ல உறையும்போது வெப்பத்தை வெளிவிட்டு, சில மணி நேரம் 37 டிகிரி அளவில் கதகதப்பைக் காக்கிறது.

நூலறிவு அங்கே பயன்படவில்லையா? நிச்சயமாகப் பயன்பட்டது. மெழுகின் இயல்பைக் கற்றுத் தந்தது வகுப்பறையே. ஆனால் அந்த அறிவு எங்கே தேவைப்படுகிறது என்பதைக் காட்டியது, நேரில் சென்று கண்டதும் பணிவோடு செவிமடுத்ததுமே அன்றோ!

எனினும், இங்கே நம்மை உறுத்தும் வினா ஒன்றுண்டு. பருவம் முடிந்ததும் மாணவர் மதிப்பெண் பெற்றுச் சென்றுவிடுவர். கிராமத்தின் துயரம் பருவத்தோடு முடிவதில்லை. அப்படியானால், ஏழையின் துன்பம் பிறரது பயிற்சிக்கான பொருளாகிவிடாதா?

இதற்கு அஞ்சி, செல்லாமலே இருப்பது நேர்மையாகாது. தவறான கணக்கு தவறாகவே நீடிக்கும். செல்வதே சரி; ஆனால் சென்றவர் கடன்பட்டவராகிறார். தம் வீட்டுக் கதவைத் திறந்து, இழப்பைச் சொல்லி, நேரத்தையும் நம்பிக்கையையும் தந்தவர்க்குப் பட்ட கடன் அது. மேற்கூறிய குழுவினர் 2008ஆம் ஆண்டில் ஓர் அமைப்பை நிறுவி, பின்னர் இந்தியாவிற்கே வந்து பணியைத் தொடர்ந்தனர். எல்லா மாணவராலும் அது இயலாது. ஆயினும், தம் முயற்சி என்னவாயிற்று என்பதை அம்மக்களிடம் திரும்பச் சென்று சொல்லவும், செய்த மாதிரியை அங்கேயே தொடர்ந்து உழைப்போரிடம் ஒப்படைக்கவும் எவராலும் இயலும்.

நம் பிள்ளைகளைப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுப்பும்போது, வேலைவாய்ப்பு எத்தனை விழுக்காடு என்று தவறாமல் கேட்கிறோம். நீங்கள் கற்பதால் யாருக்குக் கடன்படுகிறீர்கள் என்று அவர்களிடமும் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம்.