பெற்றோர் பணியும் காப்பீட்டு அட்டையும்

மகாராஷ்டிர அரசு வறிய முதியோருக்கு மாதந்தோறும் ஓர் உதவித்தொகை வழங்கி வருகிறது. 65 வயது நிறைந்த, வருவாய் மிகக் குறைந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்களுக்கு உரியது அது. 2023 முதல் மாதம் 1,500 ரூபாய். திட்டத்தின் பெயர் சிராவண் பாள் சேவா ஓய்வூதியம். கண்ணிழந்த பெற்றோரைக் காவடியில் சுமந்து தீர்த்த யாத்திரை சென்றதாக மக்கள் போற்றும் சிரவணனின் பெயரை ஓர் அரசுத் திட்டத்துக்குச் சூட்டியவர், அறிந்தோ அறியாமலோ, ஆழ்ந்த கேள்வி ஒன்றை எழுப்பிவிட்டார். சிரவணன் செய்தது மகனின் கடமை. அதை அரசாங்கம் செய்தால் அது சேவை ஆகுமா? அல்லது மகன்கள் சிரவணர்களாக இல்லாது போனதற்கு ஊர் கட்டும் அபராதமா?

நவி மும்பையின் வடக்கே, தாணே கழிமுகத்தை ஒட்டியுள்ள ஐரோலியில் இக்கேள்வி ஏட்டளவில் நிற்பதில்லை. 1999-இல் முலுண்டுடன் பாலம் இணைத்தது. 2004-இல் தாணேயிலிருந்து இரயில் வந்தது. பிறகு கணினி நிறுவனங்களின் வளாகங்கள் எழுந்தன. மாட்டுங்கா, செம்பூர், தாராவி ஆகிய பழைய தமிழ்ப் பகுதிகளிலிருந்தும், நேரே தமிழகத்திலிருந்தும் இளைஞர்கள் வந்து குடியேறினர். அவர்களை நம்பி, ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு, பெற்றோரும் வந்து சேர்ந்தனர்.

அத்தகைய இல்லம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். தந்தைக்கு வயது 74. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது. மகனின் அலுவலகக் காப்பீடு அவன் அந்த வேலையில் இருக்கும்வரைதான். தந்தையின் பெயரில் தனியே காப்பீடு எடுக்கலாமென்றால், முன்னர் 65 வயதைக் கடந்தவரை நிறுவனங்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. 2024 ஏப்ரல் முதல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அந்த வயது வரம்பை நீக்கியது. 2025 ஜனவரியில், முதியோரின் பிரீமியத்தை ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் உயர்த்துவதானால் தன்னைக் கலந்தே செய்ய வேண்டும் என்றும் பணித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தனிநபர் மருத்துவக் காப்பீட்டின் மீதிருந்த 18 சதவீத வரியும் நீங்கியது. கதவு திறந்தது உண்மை. ஆயினும் எழுபதைக் கடந்தவருக்கு வாசற்படி இன்னும் உயரமாகவே இருக்கிறது.

இங்கேதான் அரசின் அட்டை வருகிறது. 2018-இல் ஏழைக் குடும்பங்களுக்கெனத் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம், 2024 அக்டோபர் 29 முதல் 70 வயது நிறைந்த அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. வருமானம் கேட்கப்படுவதில்லை. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சை. கணவன் மனைவி இருவரும் எழுபதைக் கடந்தவராயின் அத்தொகையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். தனியார் காப்பீடு உடையவரும் இதனைப் பெறலாம்.

அப்படியாயின், கைநிறையச் சம்பாதிக்கும் மகனின் தந்தை இதை வாங்கலாமா? சட்டம் ஆம் என்கிறது. மனச்சாட்சி சற்றுத் தயங்குகிறது. ஏழைக்குப் போக வேண்டிய படுக்கையில் வசதியுள்ளவர் படுப்பதா? இத்தயக்கம் மதிக்கத்தக்கது, புறந்தள்ளக் கூடாது. ஆனால் இதில் ஒரு மயக்கமும் கலந்திருக்கிறது. தந்தையை மகனின் சம்பளத்தின் ஒரு பகுதியாகவே கருதும் மயக்கம் அது. அவர் நாற்பது ஆண்டுகள் உழைத்தவர். வாங்கிய தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் வரி கட்டியவர். அட்டை மகனுடையதன்று, அவருடையது. ‘மருமகளிடம் கேட்க வேண்டுமே’ என்று முழங்கால் வலியை மறைத்து வைக்கும் முதியவர்கள் எத்தனை பேர்! தம் பெயரில் ஓர் அட்டை இருந்தால் அவர் வலியை வலி என்று சொல்வார். வருமானம் பாராது அளிக்கப்படும் உதவியின் சிறப்பு இதுவே. பெறுபவர் தம் பிள்ளைகளின் குறையைச் சான்றிதழாக்கி நீட்ட வேண்டியதில்லை. மகனுக்கு உறுத்தலாயிருப்பின், மிஞ்சும் பணத்தைக் கொண்டு செய்யத் தக்க நற்செயல்கள் உலகில் குறைவில்லை.

சேமிப்பாகும் பணத்தோடு கடமையும் சேமிப்பாகிவிட்டது என்று எண்ணுவதே உண்மையான பிழை. மருத்துவமனை விட்டபின் பதினைந்து நாள் வரையிலான செலவை இத்திட்டம் ஏற்கிறது. இடுப்பெலும்போ மாதக்கணக்கில் தேறுவது. படுக்கையில் புரட்டிவிட ஓர் ஆள், இரவில் கழிப்பறைக்குக் கைபிடிக்க ஓர் ஆள், துணி மாற்ற, மருந்து தர, மறதி வந்துவிட்டால் ஓயாமல் விடை சொல்ல – இவற்றுக்கு எந்த அட்டையும் இல்லை. நடைமுறையில் இச்சுமை விழுவது மகனின் தோளிலுமன்று. மருமகளின் தோளில், அல்லது மகளின் தோளில். சிரவணன் கதையை மேடையில் உருக்கமாகச் சொல்பவர்கள், காவடியை இன்று யார் சுமக்கிறார் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

பிற நாடுகள் இதைப் பற்றி மனம் விட்டு வாதிட்டிருக்கின்றன. ஜெர்மனி 1995-இல் நீண்டகாலப் பராமரிப்புக்கெனத் தனிக் காப்பீட்டை ஏற்படுத்தியது. வீட்டில் கவனித்துக்கொள்ளும் உறவினருக்குச் சேரும்படி பணமாகவும் அது தருகிறது. பெற்றோர் பக்தியில் இந்தியாவுக்குச் சளைக்காத ஜப்பான் 2000 ஏப்ரலில் அதே வழியில் சென்றது. நாற்பது வயதிலிருந்து அனைவரும் பங்கு செலுத்துகின்றனர். செலவில் ஏறத்தாழப் பாதி வரிப்பணம். ஆனால் உறவினருக்குப் பணம் தருவதை ஜப்பான் ஏற்கவில்லை. ஆட்களின் பணியை மட்டுமே அளித்தது. பணம் தந்தால் மருமகள் இன்னும் இறுகக் கட்டப்படுவாள் என்று அங்குள்ள பெண்கள் அஞ்சியதும் இதற்கு ஒரு காரணம். இந்தியாவில், படுக்கையில் கிடப்போரைக் கவனிப்பவருக்குக் கேரள அரசு ‘ஆஸ்வாசகிரணம்’ என்ற பெயரில் மாதம் 600 ரூபாய் அளிக்கும் ஏற்பாடு உண்டு. தொகை சிறிது. எனினும் அவ்வுழைப்புக்கு உழைப்பு என்றே பெயரிட்டது பெரிது.

மத்திய அரசின் முதியோர் ஓய்வூதியத்திலோ 79 வயது வரை அதன் பங்கு மாதம் 200 ரூபாய், எண்பதிலிருந்து 500. இதை வைத்துக்கொண்டு, அரசு பிள்ளைகளின் கடமையைப் பறித்துவிடும் என்று அஞ்ச இடமில்லை. பெற்றோரைப் பேணாத பிள்ளைகளிடமிருந்து தீர்ப்பாயம் வழியே மாதம் பத்தாயிரம் ரூபாய் வரை பெற 2007-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. சட்டத்தால் வரும் பணத்தில் சோறு உண்டு. உட்கார்ந்து பேச யாரும் இல்லை. பண்டரிபுரத்துப் புண்டலீகன் பெற்றோருக்குப் பணி செய்கையில் இறைவனையே ஒரு செங்கல்லின் மீது நிற்க வைத்தான் என்பது மகாராஷ்டிரம் அறிந்த கதை. அவன் தந்தது நேரம். அதை எந்தக் காப்பீட்டு நிறுவனமும் விற்பதில்லை.

சிரவணனின் முடிவையும் மறக்கலாகாது. நீர் மொண்டபோது எழுந்த ஒலியைக் கேட்டு அரசன் எய்த அம்பால் மகன் மாண்டான். பெற்றோரும் உடன் மாண்டனர். அவர்களுக்கு வேறு தோள் இல்லை. அன்பில் குறைவற்ற மகனாயினும் ஒற்றைத் தோளாகவே இருந்தான். வேலை போகலாம், நோய் வரலாம், மகனே முதியவனாகலாம் – எழுபது வயது மகளும் தொண்ணூறு வயது தாயும் ஒரே வீட்டில் இருப்பது இன்று அரிதன்று. அப்போது பலருடைய சிறு பங்குகள் சேர்ந்து ஒரு தோளாகின்றன. கடமை தவறியதன் அபராதமாக அதைக் காண வேண்டியதில்லை.

ஐரோலியின் அந்த முதியவருக்கு அட்டை எடுக்க ஆதார் எண் வேண்டும். கைப்பேசியில் வரும் எண்ணைச் சொல்ல வேண்டும். முகத்தைப் படம் பிடிக்க வேண்டும். மருத்துவமனையில் ‘ஆரோக்கிய மித்ரா’வின் மேசை முன் நின்று நோயை விளக்க வேண்டும். அவருக்கு மராத்தியும் இந்தியும் தெரியாது. யாரேனும் ஒருவர் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு உடன் செல்ல வேண்டியிருக்கிறது.